பீட்டா எச்.சி.ஜி. 31: அந்த எண் யாருடையது?

கேள்வி: எனக்கு 33 வயது. திருமணமாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம், உறைநிலையில் வைத்திருந்த ஐந்தாம் நாள் கரு ஒன்றை எனக்கு வைத்தார்கள். அதற்கு முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, புரோஜெஸ்ட்ரோன் ஊசி, உள்ளே வைக்கும் மருந்து எல்லாம் கொடுத்தார்கள். கரு வைத்த பன்னிரண்டாம் நாள் ரத்தப் பரிசோதனையில் பீட்டா எச்.சி.ஜி. 31 என்று வந்தது. இரண்டு நாள் கழித்து 36. அதற்கு நான்கு நாள் கழித்து 9. 'பயோகெமிக்கல் பிரெக்னன்சி' (ரத்தப் பரிசோதனையில் மட்டும் தெரிந்து மறையும் கர்ப்பம்) என்று ஒரே வரியில் சொல்லி மருந்துகளை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கரு பதிவதற்கு முன்பே ஹார்மோன் சுரந்து தாய்க்குத் தகவல் அனுப்பும் என்று குரங்குகளை வைத்து நடந்த ஆய்வுகளைப் பற்றிய ஒரு கட்டுரையில் படித்தேன். அப்படியானால் என் கரு தகவல் அனுப்பவில்லையா, அல்லது அனுப்பியும் என் கருப்பை அதைக் கண்டுகொள்ளவில்லையா? அந்த ஹார்மோனையே முன்கூட்டி ஊசியாகப் போட்டிருந்தால் கரு நின்றிருக்குமா? நான் மாடிப்படி ஏறி இறங்கியதுதான் காரணம் என்கிறார் என் மாமியார்.
ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

மாடிப்படியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் கடைசி வரியாக அதை எழுதியிருந்தாலும், உங்களை அதிகம் வருத்துவது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கருப்பையின் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கும். இடையில் மெல்லிய பசைபோன்ற திரவம் மட்டுமே உண்டு. மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அளவேயுள்ள கரு அந்த மடிப்புக்குள் இருக்கும்போது, நீங்கள் படி ஏறினாலும் பேருந்தில் போனாலும் அது நழுவி விழ வழியே இல்லை. கரு வைத்த பிறகு படுத்தே இருந்த பெண்களையும் உடனே எழுந்து நடமாடிய பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளிலும், படுக்கை ஓய்வினால் கர்ப்பம் தங்கும் வாய்ப்புக் கூடியதாகத் தெரியவில்லை. இதை உங்கள் மாமியாரிடம் நீங்களே வாதிட்டு நிலைநாட்ட வேண்டியதில்லை. அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது அவரையும் உடன் அழைத்துச் சென்று, மருத்துவர் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள்.

உங்கள் மற்ற இரண்டு கேள்விகளும் நல்ல கேள்விகள். அவற்றுக்கு விடை சொல்ல வேண்டுமானால், உங்கள் அறிக்கையில் இருந்த 31 என்பது எதனுடைய அளவு என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எச்.சி.ஜி. என்பது கரு தயாரிக்கும் ஹார்மோன். ஐந்தாம் நாள் கருவில், அதாவது பிளாஸ்டோசிஸ்ட் நிலையில், குழந்தையாக வளரப்போகும் உயிரணுக்கள் உள்ளே ஒரு சிறு திரளாக ஒதுங்கியிருக்கும். வெளியே சூழ்ந்திருக்கும் உறையணுக்கள் பின்னால் நஞ்சுக்கொடியாக மாறும். இந்த வெளியணுக்களுக்கு ட்ரோபோபிளாஸ்ட் என்று பெயர். கருப்பைச் சவ்வுக்குள் நுழையும்போது அவற்றில் ஒரு பகுதி ஒன்றோடொன்று கலந்து, பல உட்கருக்கள் கொண்ட ஒரே திசுவாக ஆகிவிடுகிறது. எச்.சி.ஜி.யைப் பெருமளவில் சுரப்பது அந்தத் திசுதான். ஆகவே உங்கள் ரத்தத்தில் காணப்பட்ட ஒவ்வொரு அலகும், உங்களுக்குள் ஒட்டிக்கொண்ட அந்தக் கரு சுரந்து உங்கள் ரத்தக் குழாய்களுக்குள் விட்டது. அதில் உங்கள் உடல் தயாரித்த பங்கு என்று எதுவும் இல்லை.

இந்த உண்மை புலப்படுவதற்கே சில ஆண்டுகள் பிடித்தன. 1927, 1928 ஆண்டுகளில் பெர்லினில் செல்மார் ஆஷ்ஹைம், பெர்ன்ஹார்ட் சோண்டெக் என்ற இருவர், கர்ப்பிணிகளின் சிறுநீரைப் பருவமடையாத பெண் சுண்டெலிகளுக்கு ஊசியாகச் செலுத்தி, எலிகளின் சினைப்பைகள் முதிர்வதை வைத்துக் கர்ப்பத்தை உறுதிசெய்யும் முறையை உருவாக்கினார்கள். அந்தப் பொருள் தாயின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருவதாகவே அவர்கள் கருதினார்கள். நஞ்சுக்கொடித் திசுவைத் தனியே கண்ணாடிக் குடுவையில் வளர்த்தாலும் அது அந்த ஹார்மோனைச் சுரக்கிறது என்று 1938இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜார்ஜ் கை, ஜார்ஜியானா சீகர், லூயிஸ் ஹெல்மன் மூவரும் காட்டினார்கள். அந்த ஜார்ஜியானா சீகர்தான் பிற்காலத்தில் தம் கணவர் ஹோவர்ட் ஜோன்ஸுடன் சேர்ந்து, 1981இல் அமெரிக்காவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்கக் காரணமாக இருந்தவர்.

அறிக்கையில் 'பீட்டா' என்று ஏன் போடுகிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். இந்த ஹார்மோன் ஆல்ஃபா, பீட்டா என்ற இரு புரதத் துண்டுகள் இணைந்தது. ஆல்ஃபா துண்டு, கருமுட்டை வெடிக்கச் செய்யும் எல்.எச். உள்ளிட்ட வேறு மூன்று ஹார்மோன்களிலும் அப்படியே இருக்கிறது. பீட்டா துண்டுதான் இதற்கே உரியது. 1972இல் ஜூடித் வைடுகைடிஸ், கிளென் பிரான்ஸ்டைன், கிரிஃபித் ராஸ் மூவரும் பீட்டா துண்டை மட்டும் அடையாளம் காணும் பரிசோதனையை வகுத்த பிறகுதான், எல்.எச்.சோடு குழப்பிக்கொள்ளாமல் மிகக் குறைந்த அளவையும் கண்டறிய முடிந்தது. உங்கள் 31 போன்ற ஒரு சிறிய எண்ணை அதற்கு முந்தைய தலைமுறைப் பெண் ஒருத்தி அறிந்திருக்கவே முடியாது; மாதவிடாய் சில நாள் தள்ளி வந்தது என்று மட்டும் நினைத்திருப்பாள்.

இனி, இந்த ஹார்மோன் எதற்காக என்ற கேள்விக்கு வருகிறேன். இயல்பான ஒரு மாதத்தில், கருமுட்டை வெளியேறிய இடத்தில் சினைப்பையில் கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் நிறச் சிறு சுரப்பி உருவாகிறது. கருப்பையின் உட்சவ்வைக் கரு தங்குவதற்கேற்றபடி வைத்திருக்கும் புரோஜெஸ்ட்ரோனை அதுவே சுரக்கிறது. ஆனால் அதற்குக் கிடைத்திருப்பது பதினான்கு நாள் குத்தகை. யாரும் வந்து நீட்டிக்கவில்லையென்றால் அது சுருங்கிவிடும், புரோஜெஸ்ட்ரோன் விழும், உட்சவ்வு உதிர்ந்து மாதவிடாய் வரும். கருவின் எச்.சி.ஜி. ரத்தத்தின் வழியாகச் சினைப்பையை அடைந்து, எல்.எச். பற்றும் அதே ஏற்பியைப் பற்றி, அந்தச் சுரப்பியைத் தொடர்ந்து இயங்க வைக்கிறது. எல்.எச். ரத்தத்தில் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகக் கரைந்துவிடும். எச்.சி.ஜி.யின் பீட்டா துண்டுக்குச் சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டிய ஒரு நீண்ட வால் இருப்பதால், அது பாதியாவதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள ஒரு கரு, தாயின் உடல் முழுவதற்கும் எட்டும்படி ஒரு சமிக்ஞையை அனுப்ப முடிவதற்கு அந்த வாலும் ஒரு காரணம். 1970களின் தொடக்கத்தில் ஆர்பட் சாப்போ செய்த ஆய்வுகள், ஏழு வாரத்துக்கு முன்பு கார்பஸ் லூட்டியத்தை அகற்றினால் கர்ப்பம் கலைந்துவிடுவதையும், ஒன்பது வாரத்துக்குப் பிறகு அகற்றினால் கலையாததையும் காட்டின. அதற்குள் நஞ்சுக்கொடியே புரோஜெஸ்ட்ரோன் சுரக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டுவிடுகிறது.

எல்லாப் பாலூட்டிகளுக்கும் இதுவே வழி என்று நினைத்துவிட வேண்டாம். செம்மறியாட்டுக் கரு ஒட்டுவதற்கு முன்பே, இன்டர்ஃபெரான் டவ் என்ற வேறொரு புரதத்தைக் கருப்பைக்குள் சுரக்கிறது. பன்றிக் கரு ஈஸ்ட்ரோஜனைப் பயன்படுத்துகிறது. எச்.சி.ஜி. வகை ஹார்மோன் குரங்கு, வாலில்லாக் குரங்கு, மனிதன் அடங்கிய கிளையில் மட்டும், எல்.எச். பீட்டா மரபணு ஒன்று இரட்டித்து மாறியதால் தோன்றியது. குரங்குகளின் தூரத்து உறவுகளான லெமூருக்கும் டார்சியருக்கும் அது கிடையாது. குதிரையிலும் இதையொத்த ஹார்மோன் உண்டு என்றாலும் அது தனி வழியில் வந்தது. மனிதக் கருவைப் பற்றி அறிய எலியை விட்டுக் குரங்குகளை ஆராய்ந்தது இதனால்தான்.

நீங்கள் படித்த ஆய்வுகள் பெரும்பாலும் ஜான் ஹெர்ன் என்ற அறிஞரும் அவரோடு பணியாற்றியவர்களும் செய்தவையாக இருக்கும். முதலில் லண்டனில், தென்னமெரிக்காவைச் சேர்ந்த மார்மோசெட் என்ற சிறு குரங்குகளிலும், பின்னர் அமெரிக்காவின் விஸ்கான்சினில், நம் தென்னாட்டுக் குரங்கின் நெருங்கிய உறவினமான ரீசஸ் குரங்குகளிலும் அவர்கள் ஆராய்ந்தார்கள். விஸ்கான்சின் ஆய்வுகளில் ஹெர்னுடன் இருந்த போலானி சேஷகிரி பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியராக இருந்தவர். கருத்தரித்த பெண் குரங்கின் கருப்பையைத் திரவத்தால் மெல்லக் கழுவிக் கருவை வெளியே எடுத்து, தட்டில் வளர்த்து, அது வளரும் ஊடகத் திரவத்தை அவ்வப்போது எடுத்து அதில் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதே அவர்களுடைய முறை. அந்தத் தட்டில் நடப்பதைக் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். கரு தன் கண்ணாடி போன்ற மேலுறைக்குள் சுருங்கி விரிந்து கொண்டிருக்கிறது. உறை மெலிந்து ஓரிடத்தில் பிளக்கிறது. அந்தப் பிளவின் வழியே கரு பிதுங்கி வெளியேறுகிறது. வெளியேறியதும் சிறிது நேரம் மிதந்து, பிறகு தட்டின் அடித்தளத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்திலிருந்து ட்ரோபோபிளாஸ்ட் அணுக்கள் தாள் போலப் பரவத் தொடங்குகின்றன. ஹார்மோன் அளவை இந்தப் படிகளோடு வைத்துப் பார்த்தபோது, ஒட்டுவதற்கு முன்பு அது இருந்தால் மிகச் சொற்பமாகவே இருந்தது. ஒட்டிப் பரவத் தொடங்கிய பிறகுதான் அது வேகமாக ஏறியது.

நீங்கள் படித்த கட்டுரையில் 'பதிவதற்கு முன்பே' என்று இருந்ததும் பொய்யில்லை. மனிதக் கருவில் எச்.சி.ஜி. பீட்டாவுக்கான மரபுச் செய்தி ஆறு முதல் எட்டு உயிரணு நிலையிலேயே எழுதப்படத் தொடங்குகிறது என்று 1988இல் ஓர் ஆய்வு காட்டியது. தட்டில் வளர்ந்த மனிதக் கரு ஒரு வார அளவில் ஹார்மோனைச் சுரக்கிறது என்று 1984இலேயே சைமன் ஃபிஷெலும், பின்னால் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் எட்வர்ட்ஸும் தெரிவித்திருந்தார்கள். மேலும், ரீசஸ் கருக்களின் ஊடகத்தில், மூளையின் ஹைப்போதலாமஸ் சுரக்கும் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனும் காணப்பட்டது. மேலுறையை விட்டு வெளிவராத பிளாஸ்டோசிஸ்டிலேயே அது தெரிந்தது; எச்.சி.ஜி. அதற்குப் பிறகே வந்தது. எனவே கருவுக்குள்ளேயே ஒரு ஹார்மோன் மற்றொன்றைத் தூண்டிவிடும் ஏற்பாடு இருக்கக்கூடும் என்பது அந்த ஆய்வாளர்கள் முன்வைத்த கருத்து. இவை எல்லாம் நுட்பமான செய்திகள். ஆனால் உங்கள் ரத்தத்தில் அளந்த எண்ணோடு இவற்றை நேராகப் பொருத்திவிட முடியாது. ஒட்டுவதற்கு முன்பு கசியும் சிறு அளவு கருப்பைக்குள் மட்டும் வேலைசெய்யும். ரத்தத்தில் தெரியும் அளவு, ஒட்டிய பின், தாயின் ரத்தக் குழாய்களை நெருங்கிய பின் வருவது.

இந்த ஹார்மோன் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. 1970களில் ஹெர்ன், எச்.சி.ஜி. பீட்டாவுக்கு எதிராகத் தடுப்பாற்றல் ஏற்படுத்திய மார்மோசெட் குரங்குகளில் கர்ப்பம் நிலைக்காததைக் காட்டினார். இதையே பெண்களுக்கான கருத்தடைத் தடுப்பூசியாக்க டெல்லியில் ஜி.பி. தல்வார் முயன்றார். 1994இல் வெளியான அந்த ஆய்வில் 148 பெண்கள் பங்கேற்றனர். தடுப்பூசியால் உடலில் உண்டாகி ஹார்மோனை மறிக்கும் எதிர்ப்பொருள் தேவையான அளவுக்கு மேல் இருந்த 1,224 மாதவிடாய்ச் சுழற்சிகளில் ஒரே ஒரு கர்ப்பம்தான் உண்டானது. அந்தப் பெண்களுக்குக் கருமுட்டை வெளியேறுவதும் மாதவிடாயும் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தன. ஹார்மோனை மட்டும் மறித்தபோது கர்ப்பம் தங்கவில்லை.

இதைப் படித்ததும், 'மறித்தால் கர்ப்பம் தங்காது என்றால், கூடுதலாகக் கொடுத்தால் தங்குமே' என்ற எண்ணம் யாருக்கும் வரும். உங்கள் இரண்டாவது கேள்வியும் அங்கிருந்தே பிறக்கிறது. அதற்கு உங்கள் சிகிச்சையிலேயே ஒரு விடை இருக்கிறது. உங்களுக்கு மாத்திரை, ஊசி ஆகியவற்றைக் கொண்டே கருப்பைச் சவ்வைத் தயார்செய்திருக்கிறார்கள். இவ்வகைச் சுழற்சியில் பெரும்பாலும் கருமுட்டை வெளியேறுவதில்லை; ஆகவே கார்பஸ் லூட்டியமும் உருவாவதில்லை. உங்கள் கரு சுரந்த எச்.சி.ஜி.க்கு, நீட்டித்துக்கொடுக்க வேண்டிய சுரப்பியே அந்த மாதம் உங்கள் உடலில் இல்லை. அந்தச் சுரப்பி தர வேண்டிய புரோஜெஸ்ட்ரோனை மருந்தாக நீங்கள் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். எண் குறைவாக இருந்ததால் புரோஜெஸ்ட்ரோன் விழுந்து, அதனால் கரு கலைந்தது என்ற விளக்கம் உங்கள் விஷயத்தில் பொருந்தவே பொருந்தாது. எண் குறைந்ததற்குக் காரணம் கருவின் வெளித்திசு போதிய அளவு வளராததே. வெளியிலிருந்து ஹார்மோனைச் செலுத்தியிருந்தால் அறிக்கையில் எண் உயர்ந்திருக்கும். அந்தத் திசு வளர்ந்திருக்காது.

கருப்பைக்குள்ளேயே இந்த ஹார்மோன் செய்யும் வேலை என்று ஒன்று இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அமெரிக்காவில் அஸ்கர் ஃபஸ்லியாபாஸ் குழுவினர், கருவே இல்லாத பெண் பபூன் குரங்குகளின் கருப்பைக்குள் எச்.சி.ஜி.யை மட்டும் செலுத்திப் பார்த்து, 1999இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கரு வந்து ஒட்டும்போது சவ்வில் தோன்றும் மாற்றங்கள் பல, கரு இல்லாமலேயே தோன்றின: மேல்படல அணுக்கள் தடித்தன, சுரப்பிகள் கிளைகோடெலின் என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரந்தன, ஆழத்திலிருந்த அணுக்கள் தம் இயல்பை மாற்றிக்கொள்ளத் தொடங்கின. கரு தன் இடத்தைத் தானே பக்குவப்படுத்திக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. இந்த அடிப்படையில்தான், கரு வைப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு 500 அலகு எச்.சி.ஜி.யைக் கருப்பைக்குள் மெல்லிய குழாய் வழியே செலுத்தும் முறை 2011 முதல் பரவியது. பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்ட காக்ரேன் மதிப்பாய்வின்படி, இரண்டு மூன்று நாள் கருக்களை வைக்கும்போது அதனால் ஓரளவு பயன் இருக்கலாம். ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்டை வைக்கும்போது பயன் இருப்பதாகச் சான்று இல்லை. உங்களுக்கு வைத்தது ஐந்தாம் நாள் கரு. அதுவே ஹார்மோனைச் சுரக்கும் கட்டத்தை நெருங்கிவிட்டது என்பதும் இதற்கு ஒரு விளக்கமாக இருக்கலாம். இந்தச் சேவையைக் கட்டணப் பட்டியலில் தனி வரியாகச் சேர்த்து, 'கரு ஒட்டுவதற்கான சிறப்பு சிகிச்சை' என்று விற்பதை நான் ஏற்பதில்லை.

உங்கள் மூன்று எண்களை இப்போது வரிசையாகப் பார்ப்போம். ஐந்தாம் நாள் கரு வைத்த பன்னிரண்டாம் நாள் என்பது, இயல்பான கர்ப்பத்தில் கருமுட்டை வெளியேறிய பதினேழாம் நாளுக்குச் சமம். நன்றாக வளரும் கரு அதற்குள் பொதுவாக 31-ஐப் போலப் பல மடங்கு சுரந்திருக்கும். அடுத்த இரண்டு நாளில் 31 என்பது 36 ஆனது. அது ஆறில் ஒரு பங்கு உயர்வு. இந்த அளவில் தொடங்கும் நல்ல கர்ப்பங்களில், இரண்டு நாளில் குறைந்தது பாதியளவாவது கூடும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் வரையறை. அதாவது 46-ஐத் தொட்டிருக்க வேண்டும். பிறகு நான்கு நாளில் 36 என்பது 9 ஆனது. இரண்டு நாளுக்கு ஒரு முறை பாதியாகும் கணக்கு அது. புதிதாகச் சுரப்பது ஏறக்குறைய நின்று, ஏற்கெனவே ரத்தத்தில் இருந்தது கழிந்துகொண்டிருந்தது என்பதையே அது காட்டுகிறது. கரு ஒட்டியது, சுரந்தது, தாமதமாகவோ குறைவாகவோ வளர்ந்தது, பிறகு அதன் வளர்ச்சி நின்றுபோனது. 'தகவல் அனுப்பவில்லையா' என்று கேட்டீர்கள். அனுப்பியது, 31 என்பதே அது அனுப்பியதன் சான்று.

இது செயற்கைக் கருத்தரிப்புக்கு மட்டும் நேர்வதில்லை. அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர், குழந்தைக்காகக் காத்திருந்த 221 பெண்களின் சிறுநீரைத் தினமும் சேகரித்து, இந்த ஹார்மோன் எந்த நாளில் முதலில் தெரிகிறது என்று பார்த்து 1999இல் வெளியிட்டார்கள். கருமுட்டை வெளியேறிய பிறகு ஆறாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையில் கரு பதிகிறது. ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்த கர்ப்பங்களில் 84 விழுக்காட்டில் எட்டு, ஒன்பது, பத்து ஆகிய மூன்று நாள்களுக்குள் பதிந்திருந்தது. ஒன்பதாம் நாளுக்குள் பதிந்தவற்றில் 13 விழுக்காடு விரைவிலேயே கலைந்தன. பத்தாம் நாள் பதிந்தவற்றில் 26, பதினொன்றாம் நாள் பதிந்தவற்றில் 52, அதற்குப் பிறகு பதிந்தவற்றில் 82 விழுக்காடு. தாமதமாக வரும் தகவலுக்கும் நிலைக்காத கர்ப்பத்துக்கும் உள்ள உறவு இவ்வளவு நெருக்கமானது. அந்தப் பெண்களில் பலருக்குத் தாங்கள் கருவுற்றிருந்ததே அப்போது தெரியாது.

இனி உங்கள் முதல் கேள்வியின் மறுபாதி: கருப்பை கண்டுகொள்ளாமல் விட்டதா? இங்கே நான் சற்றுக் கவனமாகவே பேச வேண்டும். கருப்பைச் சவ்வு வருகிற எதையும் ஏற்றுக்கொள்ளும் மண்ணாக இருப்பதில்லை என்று கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் சுட்டுகின்றன. யான் புரோசன்ஸ், நிக் மேக்லன் ஆகியோரின் குழுக்கள், கர்ப்பத்துக்குத் தயாரான நிலையிலுள்ள மனிதக் கருப்பைச் சவ்வின் அணுக்களை வளர்ச்சி நின்ற கருக்களோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தபோது, அந்த அணுக்கள் கருவுக்கு ஆதரவான பல புரதங்களைச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டன. நல்ல கருக்களின் அருகில் அப்படி நடக்கவில்லை. அதாவது கரு அனுப்பும் சமிக்ஞைகளைச் சவ்வு தரம்பிரித்துப் பார்க்கிறது. உங்கள் கர்ப்பத்தில் கருவின் பங்கு எவ்வளவு, சவ்வின் பங்கு எவ்வளவு என்று ரத்த எண்ணை வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் முதல் மூன்று மாதங்களில் கலையும் கர்ப்பங்களில் பாதி அளவிலோ அதற்கு மேலோ கருவின் குரோமோசோம் எண்ணிக்கையில் பிழை இருக்கிறது. உருவத்தில் முதல்தரமாகத் தெரியும் பிளாஸ்டோசிஸ்டிலும் அந்தப் பிழை இருக்கக்கூடும். ஒரே ஒரு முறை நடந்ததை வைத்து உங்கள் கருப்பைமீது குறை சொல்ல எனக்கு எந்த அடிப்படையும் தெரியவில்லை.

செய்ய வேண்டியவற்றில் மிக அவசரமானதைச் சொல்கிறேன். கடைசி அளவு 9 என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு பார்த்ததாக எழுதவில்லை. 5-க்குக் கீழே வந்துவிட்டது என்ற அறிக்கை உங்கள் கையில் இல்லையென்றால், இந்த வாரமே மீண்டும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். குறைவான அளவில் தொடங்கி மெதுவாக ஏறும் எச்.சி.ஜி., கரு சினைக்குழாயில் தங்கிவிட்டதன் அறிகுறியாகவும் இருக்கலாம். உங்கள் எண்கள் விழுந்த விதம் அதற்கு எதிராகவே சொல்கிறது என்றாலும், பூஜ்யத்தை நெருங்கும்வரை பார்த்துவிடுவதே முறை. அடிவயிற்றில் ஒருபக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை முனையில் வலி, தலைசுற்றி மயக்கம் வருவது போன்றவை இருந்தால், இந்தப் பதிலைப் படித்து முடிக்காமலேயே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அடுத்த முயற்சிக்கு முன், உங்கள் மருத்துவரிடம் மூன்று விஷயங்களைப் பேசலாம். உங்களுக்கு மாதவிடாய் ஒழுங்காக வந்து கருமுட்டையும் வெளியேறுகிறது என்றால், மாத்திரைகளால் தயார்செய்யும் முறைக்குப் பதில் இயல்பான சுழற்சியிலேயே உறைநிலைக் கருவை வைக்க முடியுமா என்று கேளுங்கள். அதில் கார்பஸ் லூட்டியம் இருக்கும். அது புரோஜெஸ்ட்ரோனோடு ரிலாக்சின் போன்ற பொருள்களையும் சுரக்கிறது. கார்பஸ் லூட்டியம் இல்லாமல் நடக்கும் கர்ப்பங்களில், பிற்காலத்தில் ரத்த அழுத்தம் உயர்ந்து முன்சூல்வலிப்பு (பிரீஎக்லாம்ப்சியா) என்ற நோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்று ஆய்வுகள் தெரிவிக்கின்றன. மாத்திரை முறையையே தொடர்வதானால், கரு வைக்கும் நாளை ஒட்டி உங்கள் ரத்தத்தில் புரோஜெஸ்ட்ரோன் போதிய அளவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இத்தகைய இழப்பு இரண்டாவது முறையும் நேர்ந்தால், உங்கள் இருவருடைய குரோமோசோம், உங்கள் தைராய்டு, கருப்பையின் உள்வடிவம் ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் பொருள் உடையவையாகும். ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கத்தின் வழிகாட்டுதல், ரத்தப் பரிசோதனையில் மட்டும் தெரிந்து மறைந்த கர்ப்பங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே உங்கள் மூன்று அறிக்கைகளையும் தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள். 'பயோகெமிக்கல்தானே' என்று யாராவது தள்ளிவிட்டால் அவற்றைக் காட்டுங்கள்.

கரு வைத்த ஆறாம் ஏழாம் நாளிலேயே வீட்டில் சிறுநீர்ப் பட்டையில் பார்க்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. வைத்த கரு அப்போதுதான் பதிந்து சுரக்கத் தொடங்கியிருக்கும்; கோடு தெரியாவிட்டால் அதற்குப் பொருள் எதுவும் இல்லை. கருமுட்டையை வெடிக்கச் செய்ய எச்.சி.ஜி. ஊசி போட்டிருந்தால், அந்த ஊசி மருந்தே பத்து முதல் பதினான்கு நாள் வரை ரத்தத்தில் தங்கிக் கோட்டைக் காட்டிவிடும். இயல்பான சுழற்சி முறைக்கு நீங்கள் மாறினால் அந்த ஊசியை உங்களுக்கும் போடக்கூடும். போட்ட தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, மருத்துவர் குறித்துக் கொடுக்கும் நாளில் ரத்தத்திலேயே பாருங்கள்.